பெரியமாமா விசாரித்த அயர்லாந்துச் சம்பந்தம்

கல்யாணம் பேசும்போது ஆளை விசாரிப்பதில் எங்கள் பெரியமாமாவை மிஞ்ச ஐரோப்பாவில் ஆள் கிடையாது. பாரிஸில் ஒரு பையன், ரொறன்ரோவில் ஒரு பெண் என்று யாருடைய பெயர் அடிபட்டாலும் சரி, ஜெர்மனியின் கொலோனில் இருந்தபடியே தொலைபேசி அட்டையைச் சுரண்டிவிட்டு உட்காருவார். தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பையனின் யாழ்ப்பாணத்து ஊர், வீடு எந்தக் கோயில் வீதி, தாய் பக்கம் எப்படி, பூட்டன் யாரோடு எல்லை வேலிக்கு வழக்காடினார் என்பதுவரை வந்துவிடும். சொந்தக்காரர் எல்லாரும் அவர் தலையசைப்புக்குக் காத்திருப்பார்கள். அவர் "ம்" என்றால் தாலிக்கூறை எடுக்கலாம், "ம்ம்ம்" என்று இழுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

அப்படிப்பட்டவரின் சொந்தத் தம்பி, எங்கள் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்த சின்னமாமா, ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தான் ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னார். அந்தப் பெண் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவர். எனக்கு அவரை முன்பே தெரியும். நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப்போய், அம்மாவுக்குச் சொல்லாமல் இரண்டு தரம் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவர். ஆகையால் ஒன்பது வயதுக்காரியான என்னுடைய சம்மதம் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

சின்னமாமாவின் பிரச்சினை என்னவென்றால், அண்ணன் சம்மதிக்காமல் கட்ட அவருக்கு மனம் வராது. தகப்பன் போனபின் தோளில் தூக்கி வளர்த்தவர், வீட்டை ஈடு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். "அண்ணை ஏலாது எண்டால் நான் ஒருத்தியையும் கட்டேல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாட்கள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பாட்டும் சிரிப்புமாகத் திரிந்த மனிதன் அப்படி இருந்தது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

பெரியமாமா நேரடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் விவரமானவர். "விசாரிக்காமல் என்னெண்டு பிள்ளை ஓம் எண்டுறது?" என்று அம்மாவிடம் நியாயம் கேட்டார். "இவவின்ரை ஊரிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்? ஆரிட்டை ரெலிபோன் எடுக்க? அவ தன்ரை பரம்பரையைத் தானே வந்து சொல்லட்டும், பாப்பம்." வெள்ளைக்காரருக்குத் தாத்தாவின் பெயரே தெரியாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பெண் வந்து விழிப்பார், தான் இழுத்து ஒரு "ம்ம்ம்" சொல்லலாம், பழியும் வராது.

ஆனால் அந்தப் பெண் இதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டார். தன்னுடைய முன்னோரைப்பற்றி உலகத்தில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை, உங்கள் குடும்பத்துக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று கண் கலங்கினார். அவரது தாய் வழியில் யாரோ ஒருவர் அயர்லாந்திலிருந்து வந்ததாக மட்டும் வீட்டில் ஒரு கதை உண்டு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். விடுமுறை நாட்களில் ரூர் நிலக்கரிப் பகுதித் தேவாலயங்களில் போய் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினார். நகர ஆவணக் காப்பகத்தில் டெர்மின் என்று நேரம் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கல்லறைகளில் பாசி சுரண்டினார். அயர்லாந்தில் ஒரு பங்குச் சுவாமியாருக்குக் கடிதம் போட்டுப் பதில் வாங்கினார். இலையுதிர் காலத்தில் தொடங்கிய தேடல் முடியும்போது ஈஸ்டர் வந்துவிட்டது.

பெரியமாமா விசாரணைக்கு நாள் குறித்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுடன் குசினி அடுப்படியில் நெடுநேரம் இருந்தார். அம்மாவின் ஜெர்மன், கடையில் மிச்சக்காசு வாங்கும் அளவுதான். ஆனாலும் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தார்கள், பிறகு ஒரே சிரிப்பு. என்ன சொன்னீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"வடைக்குப் பதம் சொல்லிக் குடுத்தனான். போய்ப் படி" என்றார்.

விசாரணை நாள் வந்தது. மாப்பிள்ளை முன்னால் பெண்ணை விசாரிப்பது முறையில்லை என்று சின்னமாமாவைப் பெரியமாமா வெளியே அனுப்பிவிட்டார். அவர் கீழே விளையாட்டுத் திடலில், குழந்தைகளின் ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா, மனைவியின் அண்ணன் காரியத்தில் தலையிடாத புத்திசாலி, வேலைக்குப் போய்விட்டார். மொழிபெயர்க்க மிஞ்சியது நான். டொக்டர் வீடு, நகரசபை என்று பெரியவர்களுக்காக நான் மொழிபெயர்க்காத இடமில்லை. சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் கொண்டு வந்தது சுவருக்கு ஒட்டும் கடதாசிச் சுருள் ஒன்று. அதன் பின்பக்கத்தில்தான் பரம்பரை முழுவதையும் வரைந்திருந்தார். விரிக்க விரிக்க அது சோபாவுக்கு அடியால் போய், சப்பாத்துத் தட்டு வரைக்கும் நீண்டது. பெரியமாமா கால்களைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன ஆக்கள் எண்டு கேள்" என்றார் என்னிடம்.

நான் அப்படியே கேட்டேன். அவர் மலர்ந்து போய்ச் சொன்ன பதிலை அப்படியே திருப்பித் தந்தேன்: "நல்ல ஆக்களாம், பெரியமாமா. நல்லாப் பாடுவினமாம். கொஞ்சம் குடிப்பினமாம்."

பெரியமாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதில்லை. என்ன தொழில் செய்தவை?"

முதல் ஆள் அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த பற்றிக் என்பவராம், ரூரில் நிலக்கரி எடுக்க ஆழக் குழியாகக் கிடங்கு வெட்ட வந்தவர்களில் ஒருவராம். "கிடங்கு வெட்டினவராம்" என்றேன். பெரியமாமாவின் கழுத்து மெல்ல நீண்டது. "ம்ம்ம்" தொடங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சுரங்கம், அண்ணை! இப்ப என்ஜினியர்மார் செய்யிற வேலை!"

இதற்குப்பின் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அயர்லாந்துக் கோயில் புத்தகத்தில் ஒரே காலத்தில் ஐந்து பற்றிக் இருந்தார்களாம், தன்னுடைய பற்றிக் யார் என்று தெரியாமல் தவித்தாராம். அங்கே மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரும், இரண்டாமவனுக்குத் தாயின் தகப்பன் பெயரும் வைப்பது வழக்கமாம். ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வைத்துப் பின்னோக்கிப் போய் ஆளைப் பிடித்தாராம்.

"பொறு, பொறு" என்று பெரியமாமா சோபாவிலிருந்து இறங்கி நிலத்தில் சம்மணமிட்டார். "மற்ற நாலு பேரின்ரை பிள்ளையளையும் பாத்தவவோ?"

பார்த்தாராம். இருவர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள், ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், ஒருவர் ஊரைவிட்டு அசையவேயில்லை.

"அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கிறா" என்றார் பெரியமாமா. ஒரு விசாரணைக்காரர் இன்னொரு விசாரணைக்காரரைப் பார்க்கும் பார்வை அது. நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சின்னமாமா ஊஞ்சலில் ஆடாமல் இருந்தார், ஒரு சிறுமி இறங்கச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் பெரியமாமா சுலபத்தில் விழுகிற ஆளில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எல்லாம் சரி. ஆனால் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர்..." என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் சுருளின் மற்ற முனையை விரித்தார். அதில் ஒரு கோடுகூட இல்லை. ஒரு தடித்த பேனாவின் மூடியைக் கழற்றினார். இது உங்கள் பக்கத்துக்கு என்று விட்டது, இனி உங்கள் முறை என்றார். நான் உற்சாகமாக மொழிபெயர்த்தேன்.

பெரியமாமா தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர், அப்பப்பாவின் பெயர். பேனா சளசளவென்று எழுதியது. அப்பப்பாவின் மனைவி, அப்பாச்சியின் பெயர்?

"மறந்து போச்சு" என்றார் பெரியமாமா.

யாழ்ப்பாணத்தில் பாதிப்பேரின் பூட்டியின் பெயர் தெரிந்தவர் அவர். வயதாகிவிட்டது போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் பட்டிருக்கவேண்டும், மிகவும் ஆறுதலாகப் பேசினார். கவலைப்படவேண்டாம், கல்யாணம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இந்தக் கோடை விடுமுறைக்கு நானே ஊருக்குப் போகிறேன். அரசாங்கக் கச்சேரியில் பிறப்புப் பதிவு இருக்கும், காணி உறுதிகள் இருக்கும், வயதானவர்களைக் கேட்கலாம். எப்படித் தேடுவது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், அப்பாச்சியின் ஊர், வீடு, சொந்தக்காரர் எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். கடைசி வசனத்தைக் கொஞ்சம் சத்தமாகவும் சொன்னேன்.

பெரியமாமா தேநீரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். "பிள்ளை, உந்தப் பஞ்சாங்கத்தை ஒருக்கா எடு. ஆவணியிலை நாள் கிடக்கோ எண்டு பாப்பம்."

அம்மா பஞ்சாங்கத்தைத் தேடவேயில்லை. கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்.

நான் படிகளில் இறங்கி ஓடி ஊஞ்சலடிக்குப் போய்ச் செய்தியைக் கத்தினேன். சின்னமாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சண்டைக்காரச் சிறுமிக்கும் முத்தம் கொடுத்தார். என் மொழிபெயர்ப்பால்தான் கல்யாணம் நடந்தது என்று அவர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். நானும் நம்பினேன். ஐந்து பற்றிக்குகளிடையே சரியான ஆளைப் பிடித்த கெட்டித்தனம்தான் பெரியமாமாவின் மனதைக் கரைத்தது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினேன்.

வெகுகாலம் கழித்து, எனக்கே கல்யாணப் பேச்சு வந்தபோது, அம்மா வெங்காயம் உரித்தபடி சொன்னார். பெரியமாமாவின் அப்பாச்சி, எங்கள் ஆட்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஒரு வீட்டுப் பெண். அப்பப்பா அவரைக் கூட்டிக்கொண்டுவந்து, மலாயாவில் கட்டினது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவர் பக்கத்திலிருந்து ஒருவரையும் அழைத்ததில்லை. கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மனிசிக்கு நடந்ததை நினைத்துக் கோபம் வந்தது, சரியான கோபம்.

அந்தச் சுருள் எங்கள் ஜெர்மன் மாமியின் அலுமாரிக்கு மேலே இன்னும் இருக்கிறது, எங்கள் பக்கம் இன்னும் அந்த மூன்று பெயரோடுதான் நிற்கிறது. மாமி வந்து இத்தனை வருஷமாகிவிட்டது. கோழிக்கறி வைப்பார், இடியப்பம் பிழிவார், பெரியமாமாவுக்கென்று காரமாகச் சம்பல் இடிப்பார். அன்று அம்மா கதவைச் சாத்திப் பதம் சொல்லிக்கொடுத்த வடையைச் சுட மட்டும் அவருக்கு இன்றைக்கும் தெரியாது.