பிச்சுமணி பியட்டின் அடிப்பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு செய்யும் பிச்சுமணி, எந்த மூட்டையின் வாயையும் பார்க்க மாட்டார். நல்ல சரக்கை மேலே பரப்பி, தூசியை அடியில் தள்ளுவது பஜார் அறிந்த வித்தை. அதனால் குத்தூசியை நேராக மூட்டையின் அடியில் செருகுவார். அதில் வரும் நாலு மிளகை வைத்துத்தான் விலை.

அவரிடம் பழைய பியட் கார் ஒன்று இருக்கிறது. இடப்பள்ளியில் நடக்கும் பழைய கார் போட்டிக்கு இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பியது. மூன்றாவது முறை பரிசு வாங்கியே தீருவது என்றிருந்தார். ஆனால் கைப்பணம் ஒன்றுக்குத்தான் காணும். ஒன்று, ஹெட்லைட்டும் பம்பரும் அந்தக் காலத்து அசலாக வாங்கலாம். இல்லை, உப்புக்காற்று தின்ற தரைத்தகட்டை அசலாக மாற்றலாம்.

தோப்பும்படி மெக்கானிக் ஷாஜிக்கு இதில் சந்தேகமே இல்லை.

"சாமி, பெண்ணு காண வர்றவன் மொகத்தப் பாப்பானா, உள்ளங்கால பாப்பானா? அடியில சாதா தகடு வெச்சு வெல்ட் அடிச்சா மதி, அது போதும்."

"மொகப்பப் பாத்து வாங்கறவன் வியாபாரியே இல்லடா."

அவரிடம் கணக்கெழுதும் நான், எங்கள் குடும்பத்தின் முதல் பி.காம்., போட்டி விதிகளைப் படித்துச் சொன்னேன். வெளிப்புறத்துக்கே பாதிக்கு மேல் மதிப்பெண்.

"விதி எழுதறவன் வேற, குத்திப் பாக்கறவன் வேற" என்றார்.

கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே மாடலின் வரிவரியான தகட்டைப் பிடித்து வந்தார். போல்ட்கூட அந்தக் காலத்தது. முன்னால் மாட்டியதோ தோப்பும்படியில் கிடைத்த மலிவு விளக்கும் பம்பரும்.

போட்டியன்று நடுவர் விளக்கைத் தட்டிப் பார்த்தார். பம்பரைத் தடவினார். இரண்டுக்கும் மதிப்பெண் குறைத்தார்.

"சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ."

நடுவர் சிரித்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

"ஏன்னா, வேணும்னா கவுத்து வெச்சுக் காட்டுங்கோளேன்" என்றாள் அவர் மனைவி சீதாலக்ஷ்மி.

மூன்று பரிசும் வேறு கார்களுக்குப் போயின. பிச்சுமணி ஒரு செய்தித்தாளை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் நுழைந்தார்.

"என்னத்துக்கு இப்போ?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"யாரும் பாக்கல. நானாவது பாக்கறேன்."

வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து நாலு பேர் கூடினார்கள். நடுவரும் ஓடி வந்தார்.

"எந்தா சேட்டா, ரிப்பேரா?"

"ரிப்பேரே இல்ல சார். அதான் விசேஷம்."

நடுவர் குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு வெள்ளைப் பேன்ட்டோடு படுத்தேவிட்டார். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரிந்தன. உள்ளிருந்து, "இது எவிடெ கிட்டி?" என்று, எங்கே கிடைத்தது எனக் கேட்டது ஒரு குரல். கோயம்புத்தூர்க் கடை கடையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இன்னொரு குரல்.

சீதாலக்ஷ்மி பொறுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "பரிசும் கெடைக்கலே, பசி வேற. கெளம்பலாமா?"

"இருடி. சார் இன்னும் பின்பக்கம் பாக்கலே."