கையோடு வந்துவிட்ட நாற்பது மில்லி

எங்கள் தீக்காயப் பிரிவில் யாரும் சொல்லித்தராத ஒரு மரியாதை உண்டு. டூட்டி மாறும்போது அடுத்து வரும் சிஸ்டருக்குச் சிறுநீர்ப் பையைக் காலியாக்கிக் கொடுப்போம். கொட்டும் முன் அளவைப் பிளாஸ்டர் துண்டில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வோம். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அந்த அளவைப் பார்த்துத்தான் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றலாம் என்று மென்பொருள் சொல்லும். டிரிப்ஸ் குறைந்தால் சிறுநீரகம் போய்விடும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அன்று காலை ஷூ கம்பெனியில் பசை டப்பா தீப்பிடித்து, மார்பும் கைகளும் வெந்துபோன ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு டூட்டியை முடித்து ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். பள்ளிகொண்டா வரும்போது டிக்கெட்டுக்குக் கையை நீட்டினால், மணிக்கட்டில் பிளாஸ்டர். அதில் நாற்பது என்று என் கையெழுத்து.

பையைக் கொட்டியிருக்கிறேன், எண்ணை ஏற்றவில்லை. அடுத்த சிஸ்டர் காலிப் பையைப் பார்த்து ஐந்து என்று போட்டிருப்பாள். சிறுநீர் குறைந்துவிட்டது என்று மென்பொருள் டிரிப்ஸைக் கூட்டச் சொல்லியிருக்கும். பையைக் கொட்டிய மகராசி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருக்கிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. டூட்டியில் இருக்கும் சிஸ்டரின் செல்போன் லாக்கரில் கிடக்கும். இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். முதலில் வந்த பஸ் நிற்காமல் போக, அந்த டிரைவரை வாய்விட்டே திட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. பயந்தபடியேதான் நடந்திருந்தது. மூன்று மணி அளவு எகிறியதும் மென்பொருளே குறைக்கச் சொல்லியிருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஏறிவிட்டது. டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் மூச்சைக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இப்போதைக்குப் பரவால்ல," என்றார்.

நோயாளியின் முகம் காலையைவிட வீங்கியிருந்தது. இப்படி வெந்தால் வீங்கத்தான் செய்யும். அதில் என் பங்கு எவ்வளவு என்று எந்த மென்பொருளும் சொல்லாது.

வெளியே அவர் மனைவி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டூட்டி முடிஞ்சும் எங்க ஊட்டுக்காரருக்காகத் திரும்பி வந்தீங்களே, சிஸ்டர்."

பிளாஸ்டர் அவள் விரல்களுக்கு அடியில் இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார். ஆம்பூர் கடைத்தெருவில் அவளைத் தூரத்தில் பார்த்தால், இன்றும் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.