எழுத விடாத பாஷை

திருகோணமலையில் மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்குக் காத்திருக்கிறேன். தேநீர்க்கடையில் அமெரிக்கக் கப்பலின் இரண்டு மாலுமிகள் உரக்கச் சிரித்துப் பேசுகிறார்கள். அது ஆங்கிலம் இல்லை. விசாரிக்கிறேன். இருவரும் நியூ மெக்சிக்கோவின் திவா பழங்குடியினர்.

பல பாஷைச் சொற்களைச் சேகரிக்கும் வாத்தியார் நான். பேனாவைத் திறந்து, தண்ணீருக்கு உங்கள் சொல் என்ன என்று கேட்கிறேன். மூத்தவர் தலையசைத்து மறுக்கிறார்.

“வெளியாருக்குச் சொல்லித் தருவதில்லை, எழுதவும் விடுவதில்லை. அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு” என்கிறார் ஆங்கிலத்தில்.

விஷயத்தைக் கேட்ட கடைக்காரர், நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், விழுந்து சிரிக்கிறார். “என்ன மாஸ்டர், இவ்வளவு படிச்சும் ஒரு சொல்லு வாங்க ஏலாமப் போச்சே!”

நானும் சிரிக்கிறேன். இளமையில், மூதூர்க் கரையோரப் பழங்குடிகளான வேடர்கள் சடங்கில் பாடியதை அவர்களைக் கேளாமலே எழுதி அச்சிட்டவன் நான். அடுத்த சடங்கில் என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்தினார்கள். இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாலுமிகள் எழுந்து, துறைமுகமே கேட்கும்படி தங்கள் பாஷையில் பேசிக்கொண்டு போகிறார்கள். ஸ்பானியரும் பிறகு அமெரிக்கரும் இவர்கள் நிலத்தைப் பிடித்தார்கள். இந்தப் பாஷை மட்டும் அகப்படவில்லை.

“என்ன கதைச்சிட்டுப் போறாங்க, மாஸ்டர்?”

“தெரியாது, காக்கா.”

“அப்ப அவங்கதான் வெண்டாங்க!”

“ஓம், அவங்களுக்குத்தான் வெற்றி” என்கிறேன், மனம் நிறைந்து.