சபையார் பாடிய மூன்றாவது வரி

பேய், ஆவி, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். சர்ச்சுக்குப் போகிறவன்தான், இருபத்திரண்டு வருஷமாக அங்கே கீபோர்டு வாசிக்கிறவன்தான், ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலை. மோட்டார் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். எல்லாவற்றையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எங்கள் சபை துடியலூரில் இருக்கிறது. வருஷாவருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் புதிதாக ஒரு பாட்டுப் பாடுவோம். போதகர் வரிகள் எழுதித் தருவார், நான் மெட்டுப் போடுவேன். சபையார் பாடுவதற்கு மெட்டுப் போடுவது கச்சேரிக்குப் போடுவது மாதிரி இல்லை. பாடத் தெரிந்தவர், தெரியாதவர், படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் எல்லோரும் ஒன்றாகப் பாட வேண்டும். முதல் சரணத்தைக் கொயர், அதாவது பாடகர் குழு, பாடக் கேட்டுவிட்டு, இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். என் மெட்டுகளை மரியாதைக்குப் பாடுவார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போதே மறந்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் வேறு யாரும் மெட்டுப் போடாதவரை அது பெரிதாக வலிக்கவில்லை.

எஸ்தர் வந்த பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது. பெருந்துறைப் பக்கம் பிறந்து, இங்கே கல்யாணமாகி வந்த பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்வரம் எழுதத் தெரியாது, கீபோர்டில் எது எந்தக் கட்டை என்று தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போது முணுமுணுத்து, அதைப் போனில் பதிந்துகொண்டு வருவாள். அவள் போட்ட முதல் மெட்டை ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் பாடினோம். நம்பினால் நம்புங்கள், இரண்டாவது சரணம் வரைகூடக் காத்திருக்கவில்லை, முதல் சரணம் முடிவதற்குள்ளேயே பின்வரிசை வரைக்கும் பாடினார்கள். அடுத்த வாரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் அதைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார், அவர் எங்கள் சபைகூட இல்லை. அதற்கடுத்த நாள் அடுப்பைத் துடைத்தபடி என் மனைவி அதைப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் மெட்டு ஒன்றையும் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வருஷம் அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்கு மெட்டுப் போடப் போதகர் எஸ்தரிடமே சொல்லிவிட்டார். "ஆல்பர்ட்டு, நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்குங்க" என்று என் தோளைத் தட்டினார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, எஸ்தர் போன் பண்ணினாள். பெருந்துறையில் அவள் அம்மாவுக்குத் திடீரென்று கண் ஆபரேஷன்.

"ஏனுங்ணா, நான் பண்டிகைக்கு இருக்க முடியாதுங்க. மெட்டப் பாடி உங்களுக்கு மட்டும் அனுப்பிப்போட்டேன். நீங்க ஸ்வரம் எழுதிக் கொயருக்குச் சொல்லிக் குடுத்துருங்ணா."

வேலை முடிந்து கம்பெனி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஒவ்வொரு சரணத்துக்கும் நான்கு வரி. மூன்றாவது வரியில் குரல் கீழே இறங்கி, அரை மூச்சு நின்று, பிறகு மெல்ல எழுந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மூச்சில்தான் பாட்டே இருந்தது. பைக்கின் மேல் உட்கார்ந்து ஆறேழு தடவை கேட்டேன். ரசித்துக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஏன் இது வரவில்லை, இருபத்திரண்டு வருஷம் வாசித்தவனுக்கு வராதது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணுக்கு எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டு வெந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து ஸ்வரம் எழுதினேன். முதல் இரண்டு வரியை அப்படியே எழுதினேன். மூன்றாவது வரியில் அவள் இறங்கிய இடத்தில் நான் மேலே ஏற்றினேன், சாதாரணத் தொண்டைக்கு எட்டாத உயரத்துக்கு. அரை மூச்சை எடுத்துவிட்டேன். கடைசி வரியைத் தொடவில்லை. பிறகு அந்த வாய்ஸ் மெசேஜை என் போனிலிருந்து அழித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சியில் கொயர் திணறியது. எங்கள் கொயரில் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடுகிற தேவராஜ் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கண்ணு, இந்த எடம் நம்ம சனத்துக்கு ஏறாது. கொஞ்சம் எறக்குனா என்ன?"

"நான் என்னங்க மாமா பண்றது? அந்தப் புள்ள அப்படித்தான் போட்டிருக்குது" என்றேன்.

இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பீடத்தைச் சுற்றிக் கரும்பு, சோளத் தட்டு, பூசணி, வாழைத்தார். உட்கார இடமில்லை. புதுப் பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணத்தில் கொயர் மூன்றாவது வரிக்கு வந்ததும் நான் நினைத்த மாதிரியே குரல்கள் கிழிந்தன. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்தது போல இருந்தது.

இரண்டாவது சரணம், சபையார் எழுந்து நின்று சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வரி வந்தது. கீபோர்டில் நான் மேலே ஏறினேன்.

அவர்கள் இறங்கினார்கள்.

கொயரும் சபையும் ஒட்டுமொத்தமாக இறங்கி, அரை மூச்சு நின்று, மெல்ல எழுந்தார்கள். அந்த அரை மூச்சில் மேலே சுற்றுகிற ஃபேன் சத்தம் எனக்குக் கேட்டது. நீங்கள் சொல்லலாம், எட்டாத இடத்தில் ஜனங்கள் தானாகக் கீழேதான் பாடுவார்கள் என்று. சரி, ஆளுக்கொரு விதமாக இறங்குவார்கள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் இறங்கி, ஒரே இடத்தில் மூச்சை நிறுத்துவார்களா? அந்த மெட்டைக் கேட்டது உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அங்கே இல்லை. இன்னொருத்தன் அதை அழித்துவிட்டான்.

மூன்றாவது சரணத்தில் இன்னும் அழுத்தி, சத்தத்தைக் கூட்டி வாசித்தேன். பயனில்லை. நான்காவது சரணத்தில் கையை எடுத்துவிட்டேன். கீபோர்டு இல்லாமல் பாடினார்கள். பயந்துதான் போனேன். ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்துக்கு முன்னால் வந்தது பொறாமைதான். கெடுத்து வைத்தாலும் இவளுடையதுதான் நிற்கிறதே என்று. முடிவில் போதகர் எஸ்தர் பெயரைச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆராதனை முடிந்ததும் தேவராஜ் மாமாவைப் பிடித்தேன். "மூணாவது வரிய ஏனுங்க மாமா மாத்திப் பாடுனீங்க?"

"நாங்க எங்க கண்ணு மாத்துனோம்? மொத சரணத்துல தடுமாறிப்போச்சு, அப்பறம் சபையார் பாடுனதக் கேட்டு அதையே புடிச்சுக்கிட்டோம்."

சபையில் நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "கொயரு பாடுனதக் கேட்டுத்தானுங்க பாடுனோம்."

அவள் வேறு யாருக்கோ அனுப்பியிருக்கிறாள், என்னைச் சிறுமைப்படுத்தத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். போன் பண்ணினால், "உங்களுக்கு மட்டுந்தாங்ணா அனுப்புனேன், ஏனுங்க?" என்றாள். குரலில் பொய் இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரியை மாற்றியது, அழித்தது, மாமாவிடம் பழியை அவள் தலையில் போட்டது. திட்டுவாள் என்று நின்றேன். அவள் கஞ்சியை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"ஞாயித்துக்கெழமை காலைலீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாங்க. நான் மனசுக்குள்ள அந்தப் பாட்டப் பாடிட்டு நின்னேனுங்க. மூணாவது வரி வந்தா எங்கயோ மேல போயிருச்சு. திலும்பத் திலும்பப் பாடிப் பாக்கறேன், மேலதான் போவுது. என்ற மெட்டு எனக்கே மறந்துபோச்சுங்ணா. இன்னைக்கு வரைக்கும் அந்த எடம் வாரதில்லீங்க."

பிறகு மெதுவாகப் பாடிக் காட்டினாள். நான் ஸ்வரம் எழுதிய தாள்கள் துடியலூரை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்கு யாரும் அனுப்பவும் இல்லை. ஆனால் அவள் பாடியது நான் கெடுத்து எழுதிய வரி. நான் ஏற்றிய அதே உயரம், மூச்சு விட இடமில்லாமல்.

அவளுடைய போனில் பழைய பதிவு இருந்தது. போட்டுக் கேட்டோம். "ஆரோ பாடற மாதிரி இருக்குதுங்ணா" என்றாள். நான் அவளுடைய வரியை அவளுக்குப் பாடிச் சொல்லிக்கொடுத்தேன், ஒரு குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல, ஸ்வரம் ஸ்வரமாக. இறங்கவே முடியவில்லை அவளால். ஊருக்கே தெரிந்த ஒன்று அதைப் போட்டவளுக்கு மட்டும் வரவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன், அதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

போதகரிடம் சொன்னேன். அவர் ஜெபம் பண்ணினார், மன்னிப்புப் பற்றிப் பேசினார். எஸ்தர் என்னை மன்னித்துவிட்டாள், முன்பு போலவே 'அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறாள். கொயரிலும் இருக்கிறாள். அந்தப் பாட்டை மாதம் ஒரு தடவையாவது பாடுகிறோம். மூன்றாவது வரியில் அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள், நான்காவது வரியில் சேர்ந்துகொள்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எஸ்தர் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டு தன்பாட்டுக்கு முணுமுணுத்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது, என்னுடைய வரி, அநாயாசமாக மேலே ஏறியது. நான்காவது வரி அவள் போட்டதுதானே, அது வரும் என்று பார்த்தால் வரவில்லை. வேறொன்று வந்தது. மேலே போன இடத்திலிருந்து படிப்படியாக இறங்கி வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி ஒரு வரி. அது வந்ததும் நான் கெடுத்து வைத்த மூன்றாவது வரியே அழகாகிவிட்டது.

அந்த நான்காவது வரி எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மூன்றாவது வரியை ஏற்றி எழுதியபோது, இதற்கு அடுத்து இப்படி இறங்கினால் பொருந்தும் என்று ஒரு நொடி மனதில் வந்தது. அப்படி எழுதினால் பாட்டு நன்றாகிவிடும் என்பதால் தள்ளிவிட்டேன். நான் அதை எழுதவில்லை, வாசிக்கவில்லை, வாய்விட்டு முணுமுணுக்கவும் இல்லை.

"இது எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் தாள்களைத் தட்டிச் சமமாக்கியபடி, "எதுங்ணா? நீங்க போட்டதுதானுங்களே" என்றாள்.