எழிலன் லென்ஸ் வாங்கிய கதை

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எழிலன் எதிரே இ-சேவை மையத்தில் இருக்கிறான். ஆதாருக்காக நாள் முழுக்க முகம் பிடிக்கிற வேலை. அந்த அலுப்புக்கு மருந்தோ என்னவோ, சென்னையில் யாரிடமோ பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைப் பிடித்து வந்தான். லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. அன்றோடு போனது என் நிம்மதி.

அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மூலையில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் நிற்பவர்கள் படத்தில் விழுவார்கள். வெளியே நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், படத்தில் இருக்க மாட்டார்கள். போதாததற்கு உள்ளே படம் விழுகிற சென்சார் வேறு சின்னது. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் எழுபத்தைந்து மாதிரி ஆகிவிடும். எண் குறையக் குறையத்தான் படம் அகலமாக விழும்.

"முப்பத்தஞ்சு வாங்கித் தொலையேன்டா. எல்லாரும் அதத்தான சொல்றான்" என்றேன்.

"அதுல எங்கம்மா வர மாட்டாங்க, காமராஜ் அண்ணே."

அவன் அம்மா மீனம்பாள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அதட்டலில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தவர். ஆனால் எழிலனின் நைனா இறந்ததிலிருந்து, நல்ல காரியம் என்றால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். கைம்பெண் முன்னால் நிற்கக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ ஆரம்பித்து வைத்தது. பன்னிரண்டு வருஷ ஆல்பத்தில் அவர் ஒரு முழங்கை, கொஞ்சம் புடவைத் தலைப்பு, அவ்வளவுதான். எழிலனின் தங்கை கலைச்செல்வியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அந்தப் படத்திலாவது அம்மா முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் வைராக்கியம்.

அதற்காக என்னைக் கடை ஓரத்தில் அவன் அம்மாவாக நிற்க வைத்தான். இரவல் முப்பத்தைந்தில் என் காது மட்டும் விழுந்தது. இருபத்தெட்டில் பாதி மீசை. கடைசியில் எங்கோ தேடி இருபத்தொன்று வாங்கினான். அதற்கு ஜன்னலில் கோடே கிடையாது. தெரிகிறவர்கள் அத்தனை பேரும் விழுவார்கள், அதற்கு மேலும் விழும். நானும் முழுசாக விழுந்தேன், தொப்பையோடு.

பனமலைக் கோயிலில் காது குத்தி முடிந்ததும் எல்லோரும் படத்துக்குக் கூடினார்கள். மீனம்பாள் வழக்கம்போல நாலு அடி தள்ளி நின்றார்.

எழிலன் பெருமையாகக் கத்தினான். "அம்மா, நீ அங்கயே நில்லு! இந்த லென்ஸு உன்னையும் புடிச்சிடும்!"

"இன்னாத்துக்குடா நான் இங்கயே நிக்கணும்?"

"நீதான எப்பவும் ஒதுங்கி நிப்ப?"

"நடுவுல வாம்மான்னு ஒருத்தராவது கூப்ட்டீங்களா?"

பன்னிரண்டு வருஷம். அந்தக் குடும்பத்தின் பாதி விசேஷங்களுக்கு நானும்தான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கலைச்செல்வி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மீனம்பாள் மருமகனை இடித்துத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்து, அழுகிற பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார். எழிலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

அந்தப் படம் இப்போது என் கடையில்தான் பிரிண்ட் ஆகிறது. எல்லோரும் மீனம்பாளை ஒட்டி நெருக்கியடித்து நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளே இல்லாமல் வெறும் தரை கிடக்கிறது.