அந்தக் கறுப்புப் பை யாருடையது?

இரண்டாயிரமாம் ஆண்டு, மாரி மழை தொடங்கியிருந்த நேரம். வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த ஒரேயொரு லப்டொப் பழுதாகும் நிலையில் இருந்ததால், அதைத் திருத்தக் கொழும்புக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஸ்ரேஷனிலை களவு கூடிப்போச்சு. பையிலயிருந்து கையை எடுக்காதையுங்கோ பிள்ளை" என்று பொறுப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

காலை ரயிலுக்குக் காத்திருந்தபோது பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். செட்டிகுளம் பக்கம் தோட்டக் கூலி வேலை, பூர்வீகம் மலையகம், புருஷன் அநுராதபுரம் ஆஸ்பத்திரியில் என்று கதையோடு கதையாகச் சொன்னா.

கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது. பையோடுதான் போனேன். உள்ளே தரையெல்லாம் தண்ணீர். கொழுவ ஒரு ஆணிகூட இல்லை. வேறு வழி தெரியாமல் திரும்பி வந்து, "அக்கா, ஒருக்கா இதைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று அவாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் வாங்கு வெறுமையாக இருந்தது. பையும் இல்லை, அவாவும் இல்லை. சுற்றியிருந்த சனமெல்லாம் எழுந்து மதிலோரம் ஒதுங்கி நின்றது. "என்ர பையைக் கண்டனீங்களோ?" என்று கேட்டால் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஒரு ஐயா மட்டும் கண்ணால் வாசலைக் காட்டினார்.

அங்கே மண்மூட்டைக் காவலரணுக்குப் பக்கத்தில், என் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவா ஆமிக்காரன் ஒருவனோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தா. எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. என்னைக் கண்டதும் கைநீட்டிக் காட்டி ஏதோ சொன்னா. அவன் திரும்பிப் பார்த்தான்.

பையைத் திருடி அகப்பட்டுக்கொண்டாவா? இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கிறாவா? கிட்டப் போவதா, ஓடுவதா என்றே தெரியவில்லை. கால்கள் என்னவோ அவர்களிடம்தான் போயின.

"தொறந்து காட்டச் சொல்றாரு" என்றா.

திறந்தேன். லப்டொப்பைப் போட்டுக் காட்டும்படி கையால் சைகை செய்தான். திரை வெகுநேரம் கறுப்பாகவே கிடந்தது. திடீரென்று அது உயிர்பெறும் தொடக்க இசை ஒலிக்க, ஆமிக்காரன் திடுக்கிட்டுப் பின்னால் போனான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ரயில் ஏறியதும் அவாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து கேட்டேன்.

"என்னக்கா நடந்தது?"

"நீங்க போன பின்னாடி அவரு வந்து இது யாரு பைன்னு கத்துனாரு. எல்லாரும் எந்திரிச்சுத் தள்ளிப் போயிட்டாங்க. குண்டு இருக்குமுன்னு ஆளுங்களக் கூப்பிட்டு வெடிக்க வைக்கப் போறோமுன்னாரு. என்னுதுன்னு தூக்கிட்டேன்."

"உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியாமலோ?"

"தெரியாதுதான். ஆனா நீங்க பாத்துக்கச் சொன்னீங்களே."

"அப்ப ஏன் என்னைக் காட்டினீங்கள்?"

"தங்கச்சி வந்துட்டான்னு சொன்னேன். உள்ள என்னன்னு கேட்டாரு, தங்கச்சிக்குத்தான் தெரியுமுன்னேன்."

அவா யன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அநுராதபுரத்தில் இறங்கி, கையை ஒருமுறை அசைத்துவிட்டுச் சனத்துக்குள் போய்விட்டா. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் கேட்பாரற்ற ஒரு பையைக் கண்டால் "என்னுடையதில்லை" என்று விலகுவதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாதுகாப்பு. நானும் அப்படித்தான் விலகியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்தியின் பையைத் தன்னுடையது என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவேயில்லை.