அம்மா எடுத்துக் கொடுத்த முதல் வார்த்தை

எனக்குத் திக்குவாய். 'க'வும் 'ப'வும் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பாடம் படிக்கும்போது என் முறை வந்தால், டீச்சரே இரக்கப்பட்டு, "நீ உக்காரும்மா" என்று அடுத்தவளிடம் போய்விடுவார். பிள்ளைகளின் சிரிப்பைவிட அந்த இரக்கம்தான் சுட்டது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டு ஏர் பிடித்தவர். சலூன் கடையில் பழைய வாரப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதை படிப்பார். எழுத்தே தெரியாத அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டு கேட்பாள். ஒருநாள் கதையின் வேகத்தில் நானும் அவர் குரலோடு சேர்ந்துகொண்டேன். ஒரு பக்கம் முழுக்க எங்கும் சிக்கவில்லை. நைனா நிறுத்தவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. அம்மாதான் கடலையைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாது, இவ திக்கவே இல்ல!" என்றாள்.

அதன்பிறகு எதைப் படித்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான். போகப்போக நைனா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். சில வரிகளில் அவர் உதடு மட்டும் அசையும். அதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

எட்டாவது படிக்கும்போது, எங்கள் ஊர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியே வெளியேறிய நாளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்குப் பள்ளியில் முதல் பரிசு. ஆண்டுவிழா மேடையில் அதைப் படிக்க வேண்டும். "வேற பொண்ண விட்டுப் படிக்கச் சொல்லட்டுமா?" என்று டீச்சர் நைனாவிடம் கேட்டார். அவர் தயங்கினார். அம்மா முந்திக்கொண்டாள்.

"எய்தனது இவ, படிக்கிறது இன்னொருத்தியா? எம் பொண்ணுதாம்மா படிக்கும்."

ஒரு மாதம் அந்தக் கட்டுரைதான் வீட்டில் ஓடியது.

மேடையேறினேன். பந்தல் நிறைய ஜனம். 'கலங்கலில் தண்ணீர் வழிந்த அன்று' என்று முதல் வரி. 'க' வரவில்லை. மறுபடி முயன்றேன். வரவில்லை. முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கூட்டத்தில் நைனா எழுந்து நிற்பது தெரிந்தது. வாய் அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"கலங்கலில் தண்ணீர் வழிந்த அன்று..."

ஒரு எழுத்துக்கூடத் தெரியாதவள். கேட்டுக்கேட்டே முழுக் கட்டுரையையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்! அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டேன். முதல் வரி இருவருமாக, இரண்டாவது வரியும் இருவருமாக. மூன்றாவது வரியில் என் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை ஒரே மூச்சு.

கைத்தட்டல் அடங்கவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "வவுறு பசிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

உத்திரமேரூரிலிருந்து ஊருக்கு டவுன் பஸ் ஏறினோம். நைனா கையில் பரிசுக் கோப்பை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தெரியும்படி. கண்டக்டர் வந்து எந்த ஊர் என்றார். நைனா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்:

"பெருநகர் மூணு!"